மூன்றாம் சுற்றை நிறுத்தாதீர்கள்: மறதிநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மறதிநோய் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் குழுவினருக்கும், அவற்றை நடத்தும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

எங்கள் பகுதியில் முதியவர்களின் நினைவாற்றலைச் சில ஆண்டுகளாகக் கவனித்துவந்த ஆய்வின் மூன்றாம் சுற்றுக்கு நிதி இல்லை என்று போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நாலே வரி. முதல் இரண்டு சுற்றுகளிலேயே போதுமான தரவு கிடைத்துவிட்டதால் திட்டத்தை நிறைவு செய்யலாம் என்று குழு கருதுகிறதாம். கள ஊழியர்களின் ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது, டேப்லெட்டுகளை ஒப்படைத்துவிடவும் என்பது கடைசி வரி. ஆய்வில் சேர்ந்திருக்கும் குடும்பங்களிடம் யார் போய் என்ன சொல்வது என்பது பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

நான் அந்த ஆய்வின் கள மேற்பார்வையாளர். சமூகப்பணி படித்துவிட்டு டெல்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய் வேலை செய்தவள். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இது ஒரு அலுவலகத் தகராறாகச் சுருங்கிவிடும். இதே மாதிரியான மின்னஞ்சல் வேறு மாநிலங்களில், வேறு ஆய்வுகளில் வேலை பார்க்கும் என் நண்பர்களுக்கும் வந்திருக்கிறது. அதனால் இது உங்கள் எல்லாருக்கும் பொதுவான மடல்.

முதலில் அந்தப் 'போதுமான தரவு' விஷயத்துக்கு வருகிறேன்.

மறதிநோய்களில் பரவலான அல்சைமர் நோயில் மூளைக்குள் அமிலாய்டு என்ற புரதம் படிவது, அறிகுறி வெளியே தெரிவதற்கு 15, 20 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் பயிற்சி வகுப்புகள்தான். அவ்வளவு மெதுவாக நகரும் நோயை இரண்டு சுற்றில் பிடித்துவிட்டோம் என்றால் எப்படி? முதல் சுற்றில் ஒருவருக்கு ஒரு மதிப்பெண் வருகிறது. இரண்டாம் சுற்றில் அது குறைகிறது. நினைவு மங்கியதால் குறைந்ததா, அன்றைக்குக் காய்ச்சலா, கணவர் இறந்து மூன்று மாதம்தான் ஆகிறதா, கண்ணில் புரை வளர்ந்துவிட்டதா என்று அந்த இரண்டு எண்களை வைத்து யாராலும் சொல்ல முடியாது. மூன்றாவது முறை போய்ப் பார்த்தால்தான் சரிவா, தற்செயலா என்று தெரியும். முதல் இரண்டு சுற்றுக்கும் நீங்கள் செலவழித்த பணத்துக்கே மூன்றாவதில்தான் பலன்.

இது நான் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் இதயநோய்க்காக 5,209 பேரை வைத்துத் தொடங்கிய ஆய்வை, இருபது ஆண்டு ஆகிவிட்டது, போதும் என்று 1960-களின் கடைசியில் நிறுத்தப் பார்த்தார்கள். அதை முன்பு நெடுங்காலம் நடத்திவந்த தாமஸ் டாபர் வெளியே போய்ப் பணம் திரட்டினார். பாஸ்டன் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. 1971-இல் அவர்களுடைய பிள்ளைகளையும் ஆய்வில் சேர்த்தார்கள். அந்த ஊர் மக்களைத் தொடர்ந்து பார்த்துவந்ததால்தான் 2016-இல் ஒரு பெரிய செய்தி வெளிவந்தது: 1970-களின் கடைசியிலிருந்து பத்தாண்டுக்குச் சராசரியாக 20 விழுக்காடு வீதம் அங்கே புதிதாக மறதிநோய் வருவது குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குறைவு பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டும்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத பெண்களின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்தவளுக்கு இந்தக் கடைசி வாக்கியம் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஆய்வை 'நிறைவு' செய்திருந்தால் இந்த வாக்கியமே கிடைத்திருக்காது.

நம் பக்கம் நடந்ததையும் சொல்கிறேன். 1998-இல் கொச்சியில் நடந்த கூட்டத்தில் உருவானது 10/66 ஆராய்ச்சிக் குழு. மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடக்கும் ஆய்வில் 10 விழுக்காடுகூட அங்கே நடப்பதில்லை என்ற ஆதங்கத்தில் வைத்த பெயர் அது. சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகப் போனார்கள். ஆனால் புதிதாக எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்ற தொடர் கணக்கு 2012-இல் வெளியானபோது அதில் இருந்த நாடுகள் கியூபா, டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனா. குழு பிறந்த நாடான இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, இன்று எல்லா மேடையிலும் சொல்லப்படும் எண்ணை எடுத்துக்கொள்வோம். 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய், அதாவது சுமார் 88 லட்சம் பேர். இது லாசி-டாட் ஆய்விலிருந்து வந்தது. டெல்லி எய்ம்ஸும் அமெரிக்காவின் தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. 18 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் 4,096 பேரைப் பார்த்தார்கள். அதற்கான முதன்மை நிதி அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆய்வுக் கழகத்திலிருந்து வந்தது. நம் நாட்டு முதியோரைப் பற்றிய நம் அடிப்படைக் கணக்கே அடுத்த நாட்டு மக்களின் வரிப்பணத்தில் கிடைத்திருக்கிறது. 2025 மே மாதம் அமெரிக்க தேசிய நலவாழ்வுக் கழகங்கள், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணை நிதி போகும் பழைய முறையை நிறுத்தி மாற்றப்போவதாக அறிவித்தன. அவர்கள் பணம், அவர்கள் முடிவு, கேள்வி கேட்க நமக்கு உரிமையில்லை. நம் பணத்தில் நாம் தொடங்கியதை நாமே பாதியில் விடுவதைப் பற்றிக் கேட்க உரிமை இருக்கிறது.

அந்த 7.4-ஐயும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆண்களில் 5.8, பெண்களில் 9.0. நகரத்தில் 5.3, கிராமத்தில் 8.4. ஆக, கிராமத்துப் பெண்தான் இந்த நோயின் நடுவில் இருக்கிறார். அவரை எந்தக் கருவியை வைத்துச் சோதிக்கிறோம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எழுபதைத் தாண்டிய ஒரு அப்பாயி. வாழ்நாளெல்லாம் நடவு வேலை. ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்ல வேண்டும். அவர் பென்சிலை நாற்று முடியைப் பிடிப்பதுபோல் ஐந்து விரலாலும் அள்ளிப் பிடித்தார். தாளில் ஒரு கோடு இழுத்தார், அது அழுத்தத்தில் கிழிந்தது. சிரித்துக்கொண்டே "இந்த வேலயெல்லாம் எம்பேத்திதான் பாக்கும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பூஜ்யம். அடுத்து, "இன்னைக்கு என்ன தேதி அப்பாயி?" அவர் சொன்னது: "ஆடிப்பெருக்கு முடிஞ்சு நாலு நாளாவுது. வெள்ளிக்கிழம. தேதியெல்லாம் நான் எங்க பாத்தேன்?" டேப்லெட்டில் தேதி, மாதம், ஆண்டு, கிழமை என்று நாலு கட்டம். கிழமைக்கு மட்டும் மதிப்பெண் விழுந்தது. ஆடிப்பெருக்கிலிருந்து நாள் எண்ணத் தெரிந்த மூளை, எங்கள் கணக்கில் நாலுக்கு ஒன்று வாங்கியது.

இதற்கு வழியில்லாமல் இல்லை. ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் 1990-களிலேயே, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஏற்ற மாதிரி இந்தியில் ஒரு சோதனையை மாற்றியமைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல ஆண்டு உழைத்து ஒரு நரம்பியல் சோதனைத் தொகுப்பை உருவாக்கியது. அது முதலில் தரப்படுத்தப்பட்டது இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில். தமிழ் அந்த ஐந்தில் இல்லை. முதியோர் விழுக்காட்டில் கேரளத்துக்கு அடுத்து இருக்கும் மாநிலம் இது. 2021 மதிப்பீட்டின்படி இங்கே 13.6 விழுக்காட்டினர் 60 வயதைத் தாண்டியவர்கள். அந்த மக்களின் மொழி விட்டுப்போனது எங்கள் டேப்லெட்டுகளில் ஒவ்வொரு நாளும் தெரிந்தது.

கருவி சரியாக இல்லாத இடத்தில் அதை ஈடுகட்டுவது ஆள். எந்தப் பாட்டிக்கு இடது காது கேட்காது, ஆகவே வலப்பக்கம் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது கள ஊழியருக்குத் தெரியும். பத்துச் சொற்களைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்லும் சோதனையில், கேட்காத காதின் பக்கம் உட்கார்ந்தால் நல்ல நினைவுள்ளவரும் நோயாளியாகப் பதிவாவார். எந்த வீட்டில் மகன் இருக்கும்போது மருமகள் வாயைத் திறக்க மாட்டார் என்பதும் தெரியும். நோயாளியைப் பற்றி வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளில் "முன்புபோல் பணக் கணக்குப் பார்க்கிறாரா?" என்று ஒன்று. வாழ்நாளில் கையில் காசே கொடுக்கப்படாத பெண்ணைப் பற்றி அதற்கு என்ன பதில் வரும்? ஆனால் மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக நிற்கும்போது ஒரு மருமகள் சொன்னார்: "அக்கா, அத்தைக்கு இப்ப பூக்கட்ட வரலக்கா. நாரை எடுத்து வெச்சிக்கிட்டு பாத்துக்கிட்டே இருக்காங்க. பூவ வைக்கிறாங்க, முடிச்சு விழ மாட்டேங்குது." உங்கள் படிவம் தேடிக்கொண்டிருந்த அறிகுறி அதுதான். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. ஓரத்தில் குறிப்பாக எழுதினோம்.

இப்படிப்பட்ட ஊழியருக்கு நீங்கள் தருவது பதினோரு மாத ஒப்பந்தம். பதினோரு மாதம் முடிந்ததும் ஒருநாள் இடைவெளி விட்டு மறுபடி புது ஆணை, நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதாம். வைப்புநிதி கிடையாது. நாய் கடித்தால் ஊசி சொந்தச் செலவு (கள வேலையில் இது நகைச்சுவை இல்லை). நல்ல பிள்ளைகள் மருந்துக் கம்பெனி வேலைக்கோ கடன் வசூல் வேலைக்கோ போய்விடுகிறார்கள். அந்த இடத்துக்குப் புதிதாக ஒருவர் வருகிறார். அவருக்கு மூன்று நாள் பயிற்சி. அவர் போய்க் கதவைத் தட்டினால், "முன்னாடி வந்த பொண்ணு எங்க? அதுகிட்டதான் சொல்வேன்" என்று பதில் வருகிறது. உங்கள் அறிக்கையில் இது 'பங்கேற்பாளர் விலகல்' என்று ஒரு விழுக்காடாக அச்சாகும். விலகியது யார் என்று எங்களுக்குத் தெரியும்.

பணம் கடைசிக் கிராமத்தில் எப்படி வந்து இறங்குகிறது என்பதையும் ஒருமுறை பாருங்கள். முதல் ஆண்டுப் பணம் வரும். அடுத்த ஆண்டுப் பணத்துக்குச் செலவுக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். ஒரு தலைப்பில் பணம் மிஞ்சியிருந்தால் விளக்கம் கேட்பார்கள், விளக்கத்துக்கு மறுவிளக்கம் கேட்பார்கள். மார்ச் 31-க்குள் செலவாகாத பணம் கையை விட்டுப் போய்விடும் என்பதால் மாசியிலும் பங்குனியிலும் எங்களை விரட்டு விரட்டென்று விரட்டுவார்கள். டெல்டாவில் அப்போதுதான் சம்பா அறுவடையின் கடைசி, அதையொட்டி உளுந்து, பயறு எடுப்பு. வீட்டில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சித்திரை, வைகாசியில் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அப்போது எங்களிடம் பெட்ரோலுக்குக் காசு இருக்காது. சம்பளமே பாக்கி. நூறு நாள் வேலைக்குப் போன பெண்களுக்கு வருகைப் பதிவுக்காகக் காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. ஒன்று விட்டுப்போனாலும் அன்றைய கூலி சந்தேகம். அவர்களை நடுப்பகலில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து நேர்காணல் செய்ய அட்டவணை போட்டவர் எந்த ஊர்க்காரர் என்று எனக்குத் தெரியவில்லை.

பெரிய கருவிக்குப் பணம் கேட்டால் கிடைக்கிறது. கருவிக்குத் திறப்பு விழா உண்டு, புகைப்படம் உண்டு. ஊழியருக்கு ஐந்தாண்டுச் சம்பளம் என்று கேட்டால் 'மனிதவளச் செலவு அதிகம்' என்று சிவப்பு மையில் வட்டம். நீண்டகால ஆய்வில் மனிதவளம்தானே கருவி? பக்கத்திலேயே பாருங்கள்: கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சீனிவாசபுரம் வட்டத்தில், பெங்களூரு இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆய்வு மையம் 10,000 பேரை இலக்காக வைத்து 45 வயதிலிருந்தே கிராம மக்களைத் தொடர்ந்து கவனித்துவருகிறது. அந்த மையத்துக்குப் பின்னால் இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் அறக்கட்டளை நீண்டகால நிதியோடு நிற்கிறது. நல்லது. ஆனால் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு தனவந்தர் கிடைப்பாரா?

இதைவிட எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது.

ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி உண்டு: 'இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பயன் இல்லாமல் போகலாம்.' அறநெறிப்படி அதைச் சொல்லத்தான் வேண்டும். நாங்களும் உரக்கப் படித்தோம். ஆனால் நேர்காணல் முடிந்து, மருத்துவர்கள் கூடிப் பேசி, ஒருவரின் எண்ணுக்கு எதிரே 'மறதிநோய் இருக்க வாய்ப்பு அதிகம்' என்று பதிவான பிறகு அந்த வீட்டுக்கு என்ன போனது? ஒன்றும் போகவில்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு எழுதிய ஒரு சீட்டு மட்டும் போனது. பூக்கட்ட வராத அந்த அத்தையின் மருமகள் அடுத்த சுற்றில் என்னைக் கேட்டார்: "போன தடவ அவ்வளவு நேரம் கேட்டீங்களேக்கா, அத்தைக்கு என்னன்னு சொன்னாங்க?" என் டேப்லெட்டில் பதில் இருந்தது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இதற்குள் அந்த வீட்டில் வெளிக் கதவுக்குப் பூட்டு வந்திருந்தது. ராத்திரி எழுந்து பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாராம். அந்தப் பெண் நூறு நாள் வேலையை விட்டிருந்தார், தையல் வகுப்பை விட்டிருந்தார். மாமியாருக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு கோயிலுக்கு அழைத்துப்போய் வந்திருந்தார்கள்.

மாவட்டத் தலைநகரத்து அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். டோனெபெசில் மாத்திரை விலை கூடியதில்லை. அது நோயைத் தீர்க்காது, சிலருக்குக் கொஞ்ச காலம் அறிகுறிகளைத் தணிக்கும். தைராய்டு குறைவோ வைட்டமின் பி12 குறைவோ மனச்சோர்வோ மறதிபோல் தெரிகிறதா என்று பார்த்து, இருந்தால் சரிசெய்யலாம். ராத்திரி எழுந்து நடப்பவரை எப்படிச் சமாளிப்பது என்று மருமகளுக்கு யாராவது அரை மணி நேரம் உட்கார்ந்து சொல்லலாம். இவ்வளவுக்கும் தேவைப்பட்டது எங்கள் நிறுவனத்தின் முத்திரையோடு ஒரு பரிந்துரைச் சீட்டு. திட்ட வரைவில் அதற்குத் தலைப்பு இல்லை என்று சொன்னார்கள். 2017-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அறநெறி வழிகாட்டுதலில், ஆய்வின் பலன் பங்கேற்ற மக்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பது இருக்கிறது. எல்லாத் திட்டங்களும் அதை முதல் பக்கத்தில் மேற்கோள் காட்டுகின்றன.

ஏழை நாட்டில் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால் கொலம்பியாவைக் காட்டுவேன். அங்கே அந்தியோகியா மலைப்பகுதியில் நாற்பதுகளிலேயே நினைவு தப்பும் குடும்பங்கள் இருந்தன. 1980-களில் இளம் மருத்துவராக இருந்த பிரான்சிஸ்கோ லோபேரா அவர்களைத் தேடிப் போகத் தொடங்கினார். செவிலியர் லூசியா மத்ரிகால் அவரோடு ஊர் ஊராக அலைந்தார். வன்முறை மிகுந்த காலம் அது. வம்சாவளி எழுதினார்கள், குடும்பத்தோடு உறவாடினார்கள், சாவு வீட்டுக்குப் போனார்கள். பல்லாண்டுகளில் சுமார் 6,000 பேர் அடங்கிய ஒரு பெருங்குடும்பம் ஆய்வுக்குள் வந்தது. அதில் அலிரியா என்ற பெண், நோயைக் கொண்டுவரும் மரபணு இருந்தும் எழுபது வயதை எட்டும்வரை நினைவு குன்றாமல் இருந்தார். அவரைக் காத்தது இன்னொரு அரிய மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று 2019-இல் எழுதினார்கள். உலகமே இன்று அதை வைத்து மருந்து தேடுகிறது. அவர் இறந்த பின் குடும்பத்தார் மூளையைத் தானமாகத் தந்தார்கள். லோபேரா 2024-இல் காலமாகும்வரை அந்தக் குடும்பங்களை விடவில்லை. நம்மிடமும் பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. எங்கள் கிராமங்களில் ஒரு குடும்பத்திடம் போய் அப்படி ஒரு தானத்தை நான் கேட்க வேண்டுமானால், முதலில் அவர்கள் மருமகளுக்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

ரத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மக்கள் வெறும் வயிற்றில் உட்கார்ந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். அது மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் கிடக்கிறது. பி-டௌ 217 என்ற புரதத்தை வைத்து அல்சைமரைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சிறுநீரகம் பழுதானவர்களிடம் அந்த அளவு வேறு காரணத்தாலேயே கூடித் தெரியும். சர்க்கரையும் சிறுநீரகக் கோளாறும் மலிந்த நம் ஊருக்கு அமெரிக்க அளவுகோல் அப்படியே பொருந்துமா என்று சொல்ல, நோயின் போக்கு தெரிந்தவர்களின் ரத்தம் வேண்டும். நீங்கள் நிறுத்தியது அந்தப் போக்கைத்தான். போக்குத் தெரியாத ரத்தம் உறைபெட்டியில் மின்சாரம் தின்றுகொண்டு இருக்கும்.

ஆகவே என் கோரிக்கைகள்.

மூன்றாம் சுற்றை நிறுத்தும் முடிவைத் திரும்பப் பெறுங்கள். முழு நிதிக்கு நேரம் ஆகும் என்றால், அதுவரை கள ஊழியரையும் உறைபெட்டியையும் காப்பாற்ற இடைக்கால நிதி கொடுங்கள். இனிமேல் மறதிநோய் பற்றிய எந்தத் தொடர் ஆய்வுக்கும் பத்தாண்டுக்குக் குறைந்து ஒப்புதல் தராதீர்கள். இடையில் மதிப்பாய்வு செய்யுங்கள், தரமில்லை என்றால் கண்டியுங்கள், பொறுப்பாளரை மாற்றுங்கள். மார்ச் 31 கணக்குக்காகக் களப்பணியின் நாள்காட்டியை உடைக்காதீர்கள். சித்திரையிலும் வைகாசியிலும் செலவழிக்கப் பணம் கையில் இருக்கும்படி முறையை மாற்றுங்கள்.

கள ஊழியரின் ஒப்பந்தம் திட்டக் காலம் முழுமைக்கும் இருக்கட்டும், வைப்புநிதியும் விபத்துக் காப்பீடும் சேர்த்து. நேர்காணலுக்கு உட்காரும் முதியவருக்கும் துணைக்கு உட்காருபவருக்கும் அன்றைய கூலியை ஈடுசெய்யுங்கள். சோதனைகளுக்குத் தமிழில், பள்ளி செல்லாதவர்களுக்கென்று தனி அளவுகோலை உருவாக்க நிதி ஒதுக்குங்கள். அந்த வேலையில் எங்களைப் போன்றவர்களையும் உட்கார வையுங்கள், ஓரக் குறிப்புகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.

நோய் இருக்கலாம் என்று பதிவான ஒவ்வொருவருக்கும் பரிந்துரைச் சீட்டு, வீட்டாருக்கு ஒரு மணி நேரமாவது ஆலோசனை. இவ்விரண்டும் திட்ட வரைவில் இல்லை என்றால் அறநெறிக் குழு அனுமதி தரக் கூடாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது; ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே வரும் அந்தப் பெண் தன்னார்வலர்களுக்கு மறதிநோய் பற்றிப் பயிற்சி கொடுத்து, ஆய்வு கண்டுபிடித்தவர்களை அவர்கள் கையில் ஒப்படைக்கும் வழியைச் சுகாதாரத் துறையோடு பேசி முடிவு செய்யுங்கள். காது கேட்காமை, பார்வைக் குறைவு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் மறதிநோய்க்கான தவிர்க்கத்தக்க காரணிகள் என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பட்டியலிட்ட பதினாலுக்குள் இருப்பவைதான், எனவே இது அந்தத் திட்டத்துக்குப் புறம்பான வேலையும் இல்லை.

நிதியை முடிவு செய்யும் குழுவில், மறதிநோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு வாக்குரிமையோடு இடம் கொடுங்கள்.

கடைசியாக, உங்கள் முடிவு எதுவாக இருந்தாலும், நிறுவனத்தின் சார்பில் பொறுப்பான ஒருவர் எங்கள் கிராமங்களுக்கு நேரில் வர வேண்டும். ஊராட்சி அலுவலகத் திடலில் கூட்டம் போட்டு, இரண்டு சுற்றில் என்ன தெரிந்தது, கொடுத்த ரத்தம் எங்கே இருக்கிறது, அடுத்து என்ன என்று தமிழில் சொல்ல வேண்டும். டேப்லெட்டை ஒப்படைத்துவிட்டேன். ஆனால் என் கைபேசி எண் அந்த வீடுகளில் காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கிறது, அழைப்பு வந்தபடி இருக்கிறது. எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று இம்மாத இறுதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஊரில் தண்டோரா போடும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு முன்னாள் கள மேற்பார்வையாளர்